வாஷர் தேய்ந்தால் யார் வருவார்?

வாசகர் கேள்வி | 3 மார்ச் 2024, மாலை 6.20

என் மகளின் வகுப்புத் தோழி போகும் தேவாலயத்திலிருந்து இளையர் குழு ஒன்று ஜூன் விடுமுறைக்குக் கம்போடியா போகிறது. உள்கிராமம் ஒன்றில் குடிதண்ணீருக்கு வழி செய்து கொடுக்கப் போகிறார்களாம். மகளும் போகவேண்டும் என்கிறாள், கூடவே 200 வெள்ளி நன்கொடை. நாங்கள் இந்துக்கள். தண்ணீரைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். இது தர்மமா, தூண்டிலா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 11.05

கொடுக்காதீர்கள். மதத்துக்காகச் சொல்லவில்லை, பம்புக்காகச் சொல்கிறேன்.

4 மார்ச், காலை 7.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒற்றை வரியில் முடித்துவிட்டேன். விவரமாகச் சொல்கிறேன்.

முப்பத்தெட்டு வருடம் இங்கே சிங்கப்பூரில் பைப் வேலை பார்த்தவன் நான். திருச்செந்தூர் முருகன் படம் மாட்டிய வீடு. 2011இல் என் கூட்டாளி ஒருவர், தமிழ்ச் சபை ஒன்றில் பாஸ்டர், என்னைக் கம்போடியாவுக்குக் கூப்பிட்டார். "நீ யாரைக் கும்பிட்டாலும் சரி, ரிஞ்ச் பிடிக்கத் தெரிந்த கை ஒன்று வேண்டும்" என்றார். பிரேவெங் மாநிலத்தில் ஒரு கிராமம். மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளம், கோடையில் குடிக்கக் குளத்துத் தண்ணீர். எருமையும் அதே குளத்தில்தான்.

ஊர் நடுவே ஏற்கெனவே ஓர் அடிபம்பு நின்றது. சில வருடங்களுக்கு முன் வேறொரு குழு போட்டுக் கொடுத்தது. நீல பெயிண்ட், சலவைக்கல் பலகை, குழுவின் பெயர், ஒரு வசனம். பலகை பளபளவென்று இருந்தது. கைப்பிடியை அடித்தால் 'கடக் கடக்' என்று சத்தம், தண்ணீர் இல்லை. திறந்து பார்த்தேன். உள்ளே வாஷர் தேய்ந்து நாராய்க் கிடந்தது. அவ்வளவுதான் கோளாறு. அதை எங்கே வாங்குவது, எப்படிக் கழற்றுவது என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. போட்டவர்களின் தொலைபேசி எண்கூட யாரிடமும் இல்லை.

பழைய மோட்டார் சைக்கிள் டயரை வட்டமாக வெட்டி வாஷர் செய்து போட்டேன். இந்த வகை பம்பு உறிஞ்சி இழுப்பது, முதலில் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் பிடிக்கும். நான் ஊற்றினேன், பாஸ்டர் ஜெபித்தார். ஆமென் சொன்னதும் தண்ணீர் வந்தது. ஊர்க் கிழவி ஒருத்தி பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் டயர் கரி அப்பிய கையோடு நான் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

5 மார்ச், பகல் 1.15

ஒரு வாசகர் கேட்கிறார்: "மேலே ஊற்றின தண்ணீர் எது?"

நல்ல கேள்வி. குளத்துத் தண்ணீர். எல்லாரும் அதைத்தான் ஊற்றுவார்கள். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் சுத்தம், அதை வரவழைக்க ஊற்றுவது அழுக்கு. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. பைப்காரனுக்கே உறைக்காதது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி உறைக்கும்?

9 மார்ச், இரவு 9.50

மாமியார் விஷயத்துக்கு இன்னும் வரவில்லை, வருகிறேன். அதற்கு முன் இரண்டாவது பயணம். இது எனக்கே நெருடுகிற கதை.

2013இல் திரும்பிப் போனோம். என் டயர் வாஷர் எட்டு மாதம் தாங்கியதாம். அப்புறம் ஊரிலேயே ஒரு பையன் அதே மாதிரி வெட்டிப் போட்டிருக்கிறான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தத் தடவை எங்களோடு வந்த வேதியியல் ஆசிரியை ஒருவர் ஆர்சனிக் சோதனைப் பெட்டி கொண்டுவந்திருந்தார். பம்புத் தண்ணீரைப் புட்டியில் எடுத்து, பொடியைப் போட்டு, மூடியில் காகிதப் பட்டையைச் செருகி, அரை மணி காத்திருந்தோம். பட்டை மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போயிற்று.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கம்போடியாவின் வரம்பு 50. எங்கள் பட்டை அந்த வரம்பையும் தாண்டிய நிறம். ஆர்சனிக்குக்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மீதியில் இன்னும் கெட்டியாகும். வருடக்கணக்கில் குடித்தால் உள்ளங்கையில் தடிப்பு, உடம்பில் புள்ளிகள், பிறகு புற்றுநோய். மேக்கோங் ஆற்று வண்டல் படிந்த மண்ணில் இந்த விஷம் இயற்கையாகவே இருக்கிறது. யாரும் கலக்கவில்லை.

அதாவது இரண்டு வருடமாக ஓடாமல் நின்றிருக்க வேண்டிய பம்பை நான்தான் ஓட வைத்திருக்கிறேன்.

பங்களாதேஷில் இதே கதை பல மடங்கு பெரிதாக நடந்திருக்கிறது. குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகின்றன என்று 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அதை முன்னின்று செய்தது யுனிசெஃப், பாதிரிமார் அல்லர். ஆர்சனிக் இருப்பது 1990களில்தான் வெளியே தெரிந்தது. பிறகு விஷமுள்ள பம்புக்குச் சிவப்பு, நல்ல பம்புக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். ஆகவே இதை மதத்தின் தலையில் போட முடியாது. நல்ல மனது எல்லாரிடமும் இருந்தது, சோதனைப் பெட்டிதான் இல்லை.

பாஸ்டர் அன்று செய்ததைச் சொல்லவேண்டும். பலகையில் வசனம் எழுதிய அந்தப் பம்புக்கு அவரே சிவப்பு பெயிண்ட் அடித்தார். சமையலுக்கும் குடிக்கவும் வேண்டாம், துணி துவைக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கையைப் பிடித்து அழுத கிழவி எங்களைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

10 மார்ச், காலை 6.40

எழுதிவிட்டுத் தூங்கவில்லை. ஒரு திருத்தம்: "நான்தான் ஓட வைத்தேன்" என்பது பாதி உண்மை. அந்த ஊரில் பாதிப் பேர் பம்புத் தண்ணீரைக் குடித்ததே இல்லையாம். இரும்புச் சத்து அதிகம், தேநீர் போட்டால் மை மாதிரி கறுக்கும், துணி காவியேறும். அதனால் கூரையில் விழும் மழையை ஆள் உயரச் சிமெண்டுச் சாடிகளில் பிடித்துவைத்து அதைக் குடித்தார்கள். கிராமத்தாரின் நாக்கு எங்கள் எல்லாரையும்விடப் புத்திசாலி.

14 மார்ச், இரவு 10.20

யாரோ இங்கே அனிவா தீவுக் கதையை ஒட்டி, "விசுவாசத்தால் வந்த தண்ணீர்" என்று போட்டிருக்கிறார்கள். பாஸ்டர் எனக்குப் பத்து தடவை சொன்ன கதைதான் அது.

ஜான் பேட்டன் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரி 1866இல் இன்றைய வனுவாத்துவில் உள்ள அனிவாவுக்குப் போனார். பவளத் தீவு, ஆறு கிடையாது. மழைத் தண்ணீரும் இளநீரும்தான். அவர் கிணறு தோண்டப் போகிறேன் என்றதும் ஊர்த் தலைவர் பயந்துபோனார். மழை மேலே இருந்து வரும், மண்ணுக்குள்ளிருந்து எப்படி வரும், மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று. தோண்ட வந்தவர்களுக்குக் கூலி தூண்டில்முள். (தூண்டிலா என்று கேட்ட வாசகரே, கவனித்தீர்களா?) பக்கம் சரிந்ததும் ஒருவரும் குழிக்குள் இறங்கவில்லை. பேட்டன் தனியாக இறங்கித் தோண்டினார். முப்பதடிக்கும் கீழே தண்ணீர், குடிக்கிற தண்ணீர். அடுத்து வந்த ஞாயிறு வழிபாட்டில் அந்தத் தலைவரே எழுந்து, காணாத தண்ணீர் உண்மையானால் காணாத கடவுளும் உண்மை என்ற பொருளில் பேசினாராம். விக்கிரகங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

பைப்காரன் கண்ணுக்கு இது அதிசயமில்லை. மழைத் தண்ணீர் கடல் நீரைவிட லேசு. பவளப் பாறையில் இறங்கிய மழை, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கும். அந்தப் படலத்தில் போய் நின்றால் நல்ல தண்ணீர், அதைத் தாண்டினால் உப்பு. கதையின் பின்பாதியை யாரும் ஒட்டுவதில்லை. ஊரார் உற்சாகமாக வேறு இடங்களிலும் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்று பாறை தட்டியது, இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர். இதையும் பேட்டனே எழுதிவைத்திருக்கிறார்.

மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். அவர் கட்சி வலுத்துவிடும். தண்ணீர் வந்தது, சாமி போனது என்பதுதானே அவர் பயம். உண்மையில் அங்கே அதுதான் நடந்தது, நடந்ததை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

14 மார்ச், இரவு 11.00

ஆனால் ஒன்று. தோண்டியவர் அங்கேயே குடியிருந்தார். அவர் குடும்பமும் அதே கிணற்றில்தான் குடித்தது. பத்து நாள் டிக்கெட் இல்லை.

17 மார்ச், மாலை 4.30

"கொடுக்காதீர்கள்" என்றதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். காரணம், நம் ஊர் அடிபம்பு.

தமிழ்நாட்டுத் தெருவில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தப் பெரிய இரும்பு பம்பு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசை நிற்பார்களே, அதற்குப் பெயர் இந்தியா மார்க் டூ. அதற்கு முன் வைத்தவை வெளிநாட்டு வார்ப்பிரும்பு பம்புகள், ஒரு பண்ணை வீட்டுக்கென்று செய்தவை. ஊரே அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? 1970களில் எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. அந்தச் சமயத்தில் மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் மிஷன்காரர்கள் ஆழ்துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் வைத்த பம்பு தங்கள் கண்ணெதிரிலேயே உடைவதைப் பார்த்து, உள்ளூர்ப் பட்டறையில் எஃகில் வேறு மாதிரி செய்தார்கள். சோலாப்பூரில் கைப்பிடியையும் தண்டையும் சங்கிலியால் இணைத்தார்கள், தண்டு நேராக ஏறி இறங்கும், வளையாது. அதை வைத்துத்தான் யுனிசெஃபும் அரசாங்கமும் மார்க் டூவை வடிவமைத்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்தார்கள், சென்னையில் செய்தார்கள். பிறகு அது ஆப்பிரிக்கா வரைக்கும் போயிற்று.

அந்தப் பம்பு பிறந்ததே, உடைந்ததைப் பார்க்க அதே ஆட்கள் அங்கே இருந்ததால்தான். போட்டோ எடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தால் உடைந்தது அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

18 மார்ச், காலை 8.05

மார்க் டூவிலும் வாஷர் தேயும். வாஷரை மாற்றக் குழாய் முழுவதையும் மேலே இழுக்கவேண்டும், நாலு பேர் வேலை. அந்தத் தலைவலிக்காகத்தான் மார்க் த்ரீ வந்தது. நேற்று கொஞ்சம் புகழ்ந்து தள்ளிவிட்டேன்.

22 மார்ச், இரவு 8.00

இன்று உலகத் தண்ணீர் தினமாம். எங்கள் புளோக் கீழே சுவரொட்டி.

எனக்கு 1963 ஞாபகம் வருகிறது. ஐந்து வயது. மழை பொய்த்து, ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு பத்து மாதம் நீடித்தது. கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், பொதுக்குழாயடியில் அம்மா வாளியோடு நிற்பாள், பக்கத்தில் சீனக் கிழவி, மலாய் மாமி. யார் வாளி முந்தி என்று மூன்று பாஷையில் சண்டை நடக்கும். என் பேரன், கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் என்றால் என்ன என்று பள்ளியில் செயல்திட்டம் செய்கிறான். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறான். அவனைக் கம்போடியா கூட்டிப்போனால் என்ன புரியும் என்று யோசித்தேன். புரியாது. புரியாமல் போய் வந்தாலும் நஷ்டமில்லை என்றும் தோன்றுகிறது.

29 மார்ச், பகல் 3.40

பெரிய வெள்ளி விடுமுறை. பாஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தார். இந்த இழையைக் காட்டினேன். சிவப்பு பெயிண்ட் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாமியார் கேள்வியை நேராகவே கேட்டேன்: தண்ணீர் கொடுத்து ஆள் பிடிக்கிறீர்களா?

"ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்" என்றார். "ஆனால் கூட்டத்துக்கு வந்தால்தான் குடம் நிறையும் என்று சொல்கிறவன் ஊழியக்காரன் இல்லை, வியாபாரி." பிறகு சமாரியப் பெண் கதையைச் சொன்னார். கிணற்றடியில் உட்கார்ந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர் இயேசு. கொடுக்கவேண்டிய இடத்தில் இருந்தவள், யூதர்கள் புழங்காத சாதியைச் சேர்ந்தவள். மொள்ளப் பாத்திரம்கூட அவரிடம் இல்லை. "நாங்கள் போகிற எல்லா ஊரிலும் கொடுக்கிறவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்" என்றார்.

நான் பதிலுக்கு அப்பூதியடிகளைச் சொன்னேன். திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர், அதில் தன் பெயரைப் போடவில்லை, நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரை எழுதிவைத்தார். பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "அதுவும் பெயர்ப்பலகைதானே, ஆள் மாறியிருக்கிறது" என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தைப்பூசப் பந்தல்களில் நிறுவனப் பெயர் தொங்குவதை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

2 ஏப்ரல், இரவு 10.10

பம்பு வேண்டாம், வடிகட்டி கொடுக்கலாமே என்று கேட்டவருக்கு: உயிர்மணல் வடிகட்டி என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களில் வடிவமைத்தது. சிமெண்டுப் பெட்டி, உள்ளே சரளை, மேலே மணல். மணலின் தலைப்பரப்பில் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலம் வளரும், அதுதான் கிருமியைத் தின்னும். கம்போடியாவில் கிறிஸ்தவ அமைப்புகள் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு என்பதால் வரிசையும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆனால் சாதாரண வகை ஆர்சனிக்கை எடுக்காது. குளத்துத் தண்ணீருக்குச் சரி. எங்கள் குழுவில் ஒரு பையன் அதிசுத்தக்காரன், வடிகட்டிக்குள்ளேயே குளோரின் ஊற்றிவிட்டான். படலம் மொத்தமும் செத்தது. குளோரினை வடித்த தண்ணீரில்தான் போடவேண்டும். மூன்று வாரக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவனுக்கு மட்டும் மிளகாய் கூடுதலாகப் போட்ட சாப்பாடு.

5 ஏப்ரல், பகல் 12.30

பணம் பற்றி. இங்கே பொதுமக்களிடம் வசூலித்து வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்ப அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். வழக்கமான விதி, திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாகவேண்டும். சொந்த உறுப்பினர்களிடம் மட்டும் திரட்டினால், பேரிடர் நிவாரணம் என்றால், விலக்கு கிடைக்கலாம். நீங்கள் உறுப்பினர் இல்லை. ஆகவே 200 வெள்ளியை எந்த வழியில் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

14 ஏப்ரல், மாலை 5.15

புத்தாண்டுச் சாப்பாட்டில் அத்தையிடம் இதைப் பேசினேன். எங்கள் அம்மா வழி, சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காடு. செம்மணல், பனை, வெயில். பனையோலைப் பட்டையில் தண்ணீர் இறைத்த காலம். அம்மா 'மிஷன் கிணறு' என்று ஒன்றைச் சொல்வாள், அதில் யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்லமாட்டார்களாம். 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் ஊர்க் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஊர்வலம் போகவேண்டி இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் மொள்ளலாம் என்று ஒரு கிணறு இருந்ததே ஒரு பிரசங்கம்தான் என்று எழுதலாம் என உட்கார்ந்தேன்.

14 ஏப்ரல், இரவு 9.30

எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "உங்கம்மாவுக்குக் கிணற்றின் இந்தப் பக்கம்தான் தெரியும்டா" என்றார். அங்கேயும் ஆரம்பத்தில் இரண்டு ராட்டினம், யார் எதில் இறைப்பது என்று எழுதாத கணக்கு. அதை உடைத்தது பாதிரியா, பஞ்ச காலமா என்று அத்தைக்கே நிச்சயமில்லை. ஆக, பிரசங்கம் என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிணறு இருக்கட்டும்.

20 ஏப்ரல், காலை 9.00

கேள்வி கேட்ட வாசகர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், இங்கே சொல்ல அனுமதி உண்டு. நான் எழுதியதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்து, மகளைக் கொண்டு குழுத் தலைவியிடம் கேட்கச் சொன்னாராம். ஆர்சனிக் சோதித்தீர்களா? உள்ளூரில் யார் பழுது பார்ப்பார்? இரண்டாவது வருடம் யார் போவார்? முதலாவதற்கு, இல்லை, இனி செய்வோம் என்று பதில். மூன்றாவதற்கு மழுப்பல். இரண்டாவதற்குத்தான் ஆச்சரியம்: அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு பம்பு வேலை தெரியுமாம், அவளுக்கு மாதம் ஒரு தொகை ஊர்ச் சங்கம் கொடுக்கிறதாம். சபைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, அவள் பௌத்த விகாரைக்குப் போகிறவள்.

மாமியார், "அப்போ போகட்டும்" என்றாராம்.

27 ஏப்ரல், இரவு 10.45

இன்று ஜாலான் புசாரில் ஒரு இரும்புக் கடையில் தோல் வாஷர் பார்த்தேன், நல்ல சரக்கு. இருபது வாங்கி வாசகரின் மகள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று பணத்தைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டு வைத்துவிட்டேன். இங்கிருந்து போகிற வாஷர் தீர்ந்தால் மறுபடி இங்கிருந்துதான் போகவேண்டும். சைக்கிள் கடைக்காரி எதை, எங்கே, என்ன விலைக்கு வாங்குகிறாள் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டியில் சோதனைப் பட்டை மட்டும் வைக்கச் சொன்னேன். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.